படியெடுத்தவர் பெயர் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

'ஆயிரம் ஆண்டுப் பழமையான நடுகல் கண்டெடுப்பு' என்று செய்தித்தாளில் அடிக்கடி ஒரு செய்தி வரும். கூடவே ஒரு படம் இருக்கும். நடுவில் கல், பக்கத்தில் நாலைந்து பேர். அதோடு வேலை முடிந்தது என்றுதான் படிப்பவர் நினைப்பார். உண்மையில் கண்டெடுப்பது அரைநாள் வேலை. பல ஊர்களில் அதுகூட இல்லை. ஆடு மேய்ப்பவருக்கு அந்தக் கல் சின்ன வயதிலிருந்தே தெரியும்; அவர் கைகாட்டினால் போதும். வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. எழுத்தைப் படியெடுக்க வேண்டும், அதாவது தாளில் நகலெடுக்க வேண்டும், கல்லை அளக்க வேண்டும், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், மனு எழுத வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்க் கல் இருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். உள்ளூர் வரலாற்று ஆர்வலர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறவர் செய்வது இதைத்தான். இதற்குப் படமும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது.

படியெடுப்பது நம் மண்ணுக்குப் புதியதல்ல. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டும்போது, அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதி வைக்கும்படி முதலாம் ராஜராஜன் காலத்தில் ஆணை பிறந்தது. ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச்சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று தொடங்கும் சோழர் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பழைய கல்லின் நகல் இது என்பது பொருள். திருப்பணிக்கு முன்பு எழுத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற அறிவு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்திருக்கிறது. இன்று பல திருப்பணிக் குழுக்களிடம் அது இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படியெடுக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கங்கைகொண்ட சோழபுரம் சாட்சி. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது அந்தக் கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். சென்னை மாகாண அரசு ஹுல்ச் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டு ஆய்வாளராக அமர்த்தி முறையாகப் படியெடுக்கத் தொடங்கியது 1886-இல். இடையில் சரியாக 50 ஆண்டு. போன கற்களில் எழுத்து இருந்ததா, இருந்தால் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க நம்மிடம் ஒரு தாளும் இல்லை.

அதற்கும் முன்னால், கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியிடம் வேலை பார்த்த காவலி சகோதரர்கள் உண்டு. போரய்யா, லட்சுமய்யா என்று தெலுங்கு நாட்டுக்காரர்கள். ஊர் ஊராகப் போய்ச் சுவடியும் கல்வெட்டு நகலும் ஊர்க் கதைகளும் திரட்டியதில் பெரும்பங்கு அவர்களுடையது. 1821-இல் மெக்கன்சி இறந்தார். அந்தப் பணியைத் தான் தொடர்வதாக லட்சுமய்யா 1830-களில் கேட்டார். அப்படிப்பட்ட வேலைக்கு அவருடைய தகுதி போதாது என்று கல்கத்தா ஆசியச் சங்கம் மறுத்துவிட்டது. தொகுப்பு இன்றுவரை மெக்கன்சி பெயரில்தான் வழங்குகிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலமுள்ள எழுத்துப் பலகைக் கல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மைப்படி, அதாவது ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல், எடுக்க இரண்டு தாள், ஒரு வாளித் தண்ணீர், அடர்ந்த மயிருள்ள அடிக்கும் தூரிகை ஒன்று, தேய்க்கும் நார்த் தூரிகை ஒன்று, மை, மை ஒற்றும் பந்து இரண்டு, ஒரு தட்டு போதும். தாள்தான் முக்கியம். நார் நீண்டதாக, நனைந்தாலும் கிழியாததாக இருக்க வேண்டும். செய்தித்தாள் காகிதம் கூழாகிவிடும். பளபளப்புத் தாள் தண்ணீரை உள்ளே விடாது. கல்லின் அளவுக்கு ஒரே தாள் கிடைக்காவிட்டால், இரண்டு தாளை 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைக்கலாம். ஒட்டு எழுத்து வரிக்கு நடுவே வராமல் இரண்டு வரிகளுக்கு இடையில் வரட்டும்.

மைக்கு விளக்குப் புகைக்கரியும் கருவேலம்பிசினும். பிசினை முதல்நாள் இரவே ஊறவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். கரியை நேரே தண்ணீரில் கொட்டினால் மிதக்கும், கலக்கவே கலக்காது. கொஞ்சம் பிசின்நீர் விட்டுக் களிம்பாகக் குழைத்து, பிறகு தேன் பதத்துக்குத் தளர்த்த வேண்டும். பிசின் குறைந்தால் காய்ந்த பிறகும் கையில் ஒட்டும். அதிகமானால் படி பளபளவென்று அழகாக இருக்கும், மடித்த இடத்தில் வெடித்து உதிரும். பந்து என்பது பஞ்சை மெல்லிய துணியில் இறுகக் கட்டியது. விளாங்காய் அளவில் ஒன்று, எலுமிச்சை அளவில் ஒன்று.

காலையில் கல் சூடேறுவதற்கு முன்பு தொடங்கிவிட வேண்டும். சூடான கல்லில் தாளின் ஓரம் முதலில் காய்ந்து சுருண்டு, நடுப்பகுதியையும் இழுத்துக்கொண்டு எழும்பிவிடும். கல்லை நார்த் தூரிகையும் தண்ணீரும் கொண்டு மட்டும் கழுவுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். எழுத்துக்குள் சுண்ணாம்பு அடைந்திருந்தால் நன்றாக ஊறவிட்டு மூங்கில் குச்சியால் நெம்பலாம். அவசரத்தில் கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைவது கண்ணுக்குத் தெரியும். கல்லின் மேல்தோல் நொய்ந்து போவது தெரியாது. எண்ணெய் ஊறிய கல்லானால் தாள் பிடிக்கவே பிடிக்காது. சீயக்காய், அரப்புத் தூள் போட்டு இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டியிருக்கும். அது வழிபாட்டுக் கல்லாக இருந்தால் பூசாரியிடம் கேட்டு, முடிந்தால் அவர் கையாலேயே கழுவச் சொல்வதுதான் முறை.

நனைத்த தாளை மேலிருந்து கீழாக விரித்து, தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அடித்துக்கொண்டே போக வேண்டும். தூரிகை செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்த்து இழுத்தால் தாள் நகர்ந்து எழுத்து இரட்டையாக விழும். உள்ளே காற்று இருந்தால் ஓசை பொத்தென்று கேட்கும், தாள் கல்லோடு சேர்ந்துவிட்டால் கெட்டியாகக் கேட்கும். ஆழமான எழுத்தில் தாள் கிழிந்தால் பயப்பட வேண்டாம், நனைத்த சிறு துண்டை அதன்மேல் வைத்து மறுபடி அடித்தால் போதும்.

மை ஒற்றும் நேரத்தில்தான் முக்கால்வாசிப் படிகள் கெட்டுப்போகின்றன. தாள் ஈரமாக இருக்கும்போதே ஒற்றினால் மை எழுத்துப் பள்ளத்துக்குள் கசிந்து 'ன'வும் 'ள'வும் ஒன்றாகிவிடும். முழுக்கக் காய்ந்தபின் ஒற்றினால் தாள் கல்லை விட்டு விலகியிருக்கும், பள்ளத்திலும் மை படும். புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். பந்தில் மையைத் தொட்டுத் தட்டில் ஒன்றிரண்டு முறை தட்டிக் குறைத்துவிட்டு, மேலோட்டமாக ஒற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது. இரண்டு மூன்று சுற்றில் மெதுவாகக் கருமை ஏறட்டும். பின்புலம் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழுந்து வரும். காய்ந்து ஓரம் தானாக எழும்பும்போது உரித்தெடுக்கலாம்.

உரித்த படியை இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். தாளில் பதிந்த மேடுபள்ளமும் சான்றுதான். மை தெளிவில்லாத இடத்தில் முதுகுப்புறத்தை விரலால் தடவி எழுத்தைக் கண்டுபிடித்த சந்தர்ப்பங்கள் உண்டு. முதுகில் பென்சிலால் எழுதுங்கள்: ஊர், வட்டம், இடம், கல்லின் எந்த முகம், எந்தத் திசை பார்த்தது, மொத்தம் எத்தனை வரி, மண்ணுக்குள் எத்தனை வரி, தேதி, படியெடுத்தவர் பெயர்.

இந்தக் கடைசிச் சொல்லைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், நூல்களிலும் விட்டுவிடுகிறார்கள். 'ஊர் மக்கள் தகவலின்பேரில்' என்ற ஒரு வரியில் இருபது ஆண்டு உழைப்பு அடங்கிவிடும். இது மரியாதைப் பிரச்சினை மட்டும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது சான்றுப் பிரச்சினை. ஒரு வாசகத்தில் சந்தேகம் வந்தால் யார் படியெடுத்தார், எப்போது, அன்று கல் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டாக வேண்டும். பெயர் இல்லாத படியிடம் எதைக் கேட்பது?

படம் எடுப்பதில் ஒரே ஒரு சூத்திரம்தான்: வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நடுப்பகலில் எடுத்த படத்தில் எழுத்தே தெரியாது. காலை 7 மணிக்கோ மாலை வெயில் சாயும்போதோ எடுக்கலாம். இருட்டிய பிறகு கைவிளக்கைக் கல்லை ஒட்டிப் பிடித்து, இடது, வலது, மேல், கீழ் என்று நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொன்று எடுப்பது இன்னும் நல்லது. பக்கத்தில் 10 செ.மீ. அளவுகோல் இருக்கட்டும். எழுத்துக்குள் சுண்ணக்கட்டி தடவிப் படம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தடவுகிறவர் எப்படிப் படித்தாரோ அப்படித்தான் படத்தில் எழுத்து விழும், கல் சொல்வது விழாது. கைப்பேசியில் 50, 60 படங்களை ஒன்றோடொன்று பாதிக்குமேல் படியும்படி எடுத்து முப்பரிமாண உருவம் செய்கிறவர்கள் இப்போது வந்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கைப்பேசி கெட்டால் அதோடு போச்சு. 19-ஆம் நூற்றாண்டில் எடுத்த தாளை இன்றும் விரித்துப் படிக்க முடிகிறது.

வாசிப்பில் இடறும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடைக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இருக்காது. 'ர'வும் துணைக்காலும் (ா) ஒன்றுபோல் இருக்கும். பாண்டிய நாட்டிலும் கொங்கிலும் பழைய கல்லானால் வட்டெழுத்து என்ற வளைந்த பழைய எழுத்து இருக்கும். ராஜகேசரி, பரகேசரி என்பவை சோழர்கள் மாறிமாறி வைத்துக்கொண்ட பட்டங்கள். 'கோப்பரகேசரி' என்று மட்டும் இருந்தால், மன்னனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியோ வேறு குறிப்போ இல்லாமல் எந்த மன்னன் என்று அறுதியிட முடியாது. செய்தியாளர் கேட்கிறார் என்பதற்காக 'ராஜராஜன் காலம்' என்று சொல்லிவிட்டால் அது பிறகு திரும்பி வந்து ஆய்வாளரையே குழப்பும்.

அடுத்தது நிலம். ஆர்வலர்கள் பலரும் தோற்கும் இடம் இது. கல்வெட்டை நன்றாகப் படித்திருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஊர் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டைப் பார்த்திருக்கமாட்டார்கள். குன்று 'கல்லாங்குத்து' என்றோ 'தீர்வை ஏற்படாத தரிசு' என்றோ பதிவாகியிருக்கும். அலுவலகத்தைப் பொறுத்தவரை அங்கே சமணத் துறவிகளுக்குப் பாறையில் வெட்டிய படுக்கையும் இல்லை, எழுத்தும் இல்லை. நாளைக்குக் குவாரி ஏலத்துக்குப் பட்டியல் போடுகிறவர் அந்தப் பதிவேட்டைத்தான் பார்ப்பார், நம் கட்டுரையைப் பார்க்கமாட்டார். ஆகவே புல எண், உட்பிரிவு, புல வரைபட நகல், அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவை மனுவில் இருக்க வேண்டும். அட்சரேகை தீர்க்கரேகையைப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் எழுதினால் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் இடத்தைச் சுட்டும். 3 இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டர் தள்ளிப்போகும், அது அடுத்தவர் பட்டாவாக இருக்கும்.

மனு மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, கோட்டாட்சியருக்கு ஒன்று. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் பிறகு கேட்க முடியும். இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதக்கூடாது. கேட்பது ஒரே கோரிக்கையாக இருக்கட்டும்: இந்தப் புல எண்ணில் கல்வெட்டு இருப்பதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அருங்காட்சியகம், சாலை, விளக்கு, வேலி என்று எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டால் அது நாலு துறைக்குச் சுற்றிவிட்டு வந்த இடத்துக்கே வரும்.

சட்டம் என்ன செய்யும் என்பதையும் அளவோடு தெரிந்துகொள்ள வேண்டும். 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. ஆனால் அது மத்தியப் பட்டியலில் உள்ள சின்னங்களுக்குத்தான். மாநிலத்துக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம், தனிப் பட்டியல். வயல் வரப்பில் நிற்கும் நடுகல் இரண்டு பட்டியலிலும் இருக்காது.

பதிவு எதற்கு உதவும் என்பதற்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைச் சொல்லலாம். தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்துள்ள குகைத்தளம், சமணச் சிற்பம், பாறையைக் குடைந்த பாண்டியர் காலக் கோயில் எல்லாம் அங்கே இருப்பது பல ஆண்டுகளாகப் பலர் எழுதிவைத்த விஷயம். 2022-இல் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தபோது, ஊர் மக்கள் எழுந்து நின்றார்கள். கையில் காட்டத் தாள்கள் இருந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மறுபக்கம் கீழடி. கிணறு வெட்டும்போது கிடைத்தவற்றைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1970-களிலேயே துறைக்குத் தெரிவித்தார். அகழாய்வு தொடங்கியது 2014-15-இல்தான். 40 ஆண்டு அவர் சொன்னது அப்படியே கிடந்தது.

கல்லுக்குக் கேடு பெரும்பாலும் பகையால் வருவதில்லை, பக்தியால் வருகிறது. நடுகல்லைச் சுற்றிச் சிமென்ட் மேடை கட்டுவார்கள். கீழ் இரண்டு வரி உள்ளே போய்விடும். கல் நட்டவர் யார் என்பது பல நேரம் அந்த வரிகளில்தான் இருக்கும். 'தொறு மீட்டுப் பட்டான் கல்' (மாட்டு மந்தையை மீட்டு உயிர்விட்டவன் கல்) என்று ஆயிரம் ஆண்டு நின்ற வாசகத்தின்மேல் எனாமல் வண்ணம் பூசுவார்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் சுவரை மணல் பாய்ச்சிச் சுத்தம் செய்வது இவை எல்லாவற்றிலும் கொடியது. ஓரிரு மில்லிமீட்டர் ஆழமே உள்ள எழுத்து, அழுத்தமாகப் பாயும் மணலில் விளிம்பு மழுங்கிப் போகும். சுவர் பளிச்சென்று ஆகும், கூட்டம் கைதட்டும். பழைய சுண்ணாம்புப் பூச்சை நாம் திட்டுகிறோமே, அது பல கோயில்களில் எழுத்தைக் காத்து வைத்திருந்தது. சுண்ணாம்பை எடுத்துவிடலாம், போன விளிம்பைத் திரும்ப வைக்க முடியாது.

சுவரைப் பிரித்துக் கட்டுவதானால், பிரிப்பதற்கு முன்பு ஒவ்வொரு வரிசைக் கல்லுக்கும் எண் போட வேண்டும். எண்ணை முகத்தில் வண்ணத்தால் எழுதக்கூடாது. அடுத்த கல் உட்காரும் மேல்பக்கத்தில் எழுதி, வரைபடத்திலும் குறிக்க வேண்டும். எண் தவறினால் நிலக்கொடை வாசகத்தின் நடுவே விளக்குக்கொடை வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிக் குழம்பிய சுவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

சாலை அகலப்படுத்தும்போது கல்லை நகர்த்தியே ஆகவேண்டும் என்று வந்தால், எடையை முதலில் கணக்கிடுங்கள். ஒன்றரை மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. தடிமன் உள்ள கருங்கல் பலகை ஏறத்தாழ 350 கிலோ இருக்கும். நாலு பேர் தூக்கிவிடலாம் என்று முயன்று நடுவில் ஒடித்த கற்கள் உண்டு. சங்கிலி போட்டு இயந்திரத்தில் தூக்கினால் விளிம்பு பெயரும். அகலப் பட்டை, அடியில் சாக்கு, உருட்ட மரக்கட்டை வேண்டும். எடுத்த இடத்தின் அளவும், எந்தத் திசை பார்த்து நின்றது என்பதும் எழுதப்பட வேண்டும். நடுகல் பழைய மாட்டு வழியைப் பார்த்து நிற்கலாம். திசை போனால் வழியும் போனது.

இப்போது செய்யவேண்டிய வேலை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கண்மாய், ஏரிகளின் உள்ளே குமிழித்தூம்பு என்று இரண்டு கல்தூண்கள் நிற்கும். தண்ணீரைத் திறந்து அடைக்கும் பழைய மடை அது. அதைச் செய்துவைத்தவர் பெயர் அந்தத் தூண்களில் வெட்டப்பட்டிருப்பது உண்டு. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றினால்தான் கிட்டே போக முடியும். அதே மாதத்தில்தான் மண் அள்ளும் இயந்திரமும் உள்ளே இறங்கும். ஆகவே இயந்திரத்துக்கு ஒரு வாரம் முன்னதாகப் போக வேண்டும். ஊராட்சித் தலைவரிடமும் மண் எடுக்கும் உரிமம் பெற்றவரிடமும் தூணைக் காட்டி, சுற்றி 5 மீட்டர் விட்டுவிடும்படி கேட்டு, மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வாருங்கள். காய்ந்த பாசியை நனைத்து நாரால் தேயுங்கள். வண்டல் மூடிய வரிகளைக் கையால் தள்ளும் அளவுக்குத் தள்ளுங்கள், மண்வெட்டி போடாதீர்கள். ஒரு படி எடுங்கள், முதுகில் உங்கள் பெயரை எழுதுங்கள். ஐப்பசியில் கண்மாய் பெருகினால் அடுத்த பங்குனி வரை அந்த எழுத்து தண்ணீருக்குள்தான் இருக்கும்.

வணக்கம்.